கலையை நடத்தக் கற்பவர் யார்?

தலைநகர் தில்லியில் மண்டி ஹவுஸ் வட்டத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்தால் போதும், சுதந்திர இந்தியா கலைக்கென்று ஏற்படுத்திய முக்கிய அமைப்புகள் பலவற்றின் வாசலைக் கடந்துவிடலாம். ரவீந்திர பவனில் சாகித்ய அகாதெமி, சங்கீத நாடக அகாதெமி, லலித் கலா அகாதெமி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் உள்ளன. சற்றுத் தள்ளி பகவான்தாஸ் சாலையில் தேசிய நாடகப் பள்ளி. கோபர்நிகஸ் சாலையில் கமானி அரங்கமும் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திராவும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாணவர் நடிப்பு கற்கலாம், நடனம் கற்கலாம், மேடைக்கு ஒளியமைக்கவும் கற்கலாம். அந்த நடிகருக்கும் நடனமணிக்கும் ஊதியம் எங்கிருந்து வரும், அரங்கத்தை யார் எந்த நிபந்தனையில் தருவார்கள், பெற்ற நன்கொடைக்குக் கணக்கு எழுதுவது எப்படி, நிறுவியவர் மறைந்த பிறகும் ஒரு குழு நீடிப்பது எப்படி என்பவற்றை முறையாகக் கற்க மட்டும் இங்கே இடமில்லை.

இவற்றைக் கற்பிக்கும் துறைக்குக் கலை மேலாண்மை என்று பெயர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளி 1966இல் அரங்க நிர்வாகத்தை முதுநிலைப் பாடமாக ஏற்றது. அதே ஆண்டில்தான் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்வார். ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான், அதே நேரம் எடுத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் சுட்டிய உண்மை. பிற துறைகளில் ஊதியம் உயர உயர, கலையின் செலவும் உயரும். அதன் உற்பத்தித் திறன் உயராது. எனவே நுழைவுச் சீட்டு விற்பனையை மட்டும் நம்பி எந்தக் கலையும் நிற்க இயலாது என்பது அந்த ஆய்வின் சாரம். துருபத் பாடகருக்கும் பொருந்தும் கணக்கு இது. நாகஸ்வரக் குழுவுக்கும் பொருந்தும்.

இந்தியாவில் இத்துறை ஏட்டளவில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பண்பாட்டு மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்தியிருக்கிறது. இந்திய நாடக மன்றமும் பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளையும் மும்பையின் ஜுனூன் அமைப்பும் இணைந்து 2015 முதல் நாடகக் குழுக்களுக்கு நிர்வாகப் பயிற்சி அளித்தன. ஏற்கெனவே களத்தில் இருப்போருக்கான நல்லுதவித் திட்டம் ஒன்றை ஜெர்மனியின் கதே நிறுவனம் ஆதரித்தது. எல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் எண்ணிக்கையில் சிறியவை. அரசுப் பல்கலைக்கழகத்தில், ஏழை மாணவரும் கட்டக்கூடிய கட்டணத்தில், இரண்டாண்டு முதுநிலைப் பட்டமாக இதைக் கற்பிக்கும் இடம் அரிதிலும் அரிது.

அருங்காட்சியகத் துறையின் கதை வேறு. பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952லேயே அருங்காட்சியகவியலைத் தனித் துறையாகத் தொடங்கியது. கல்கத்தா பல்கலைக்கழகம் அதே பத்தாண்டின் இறுதியில் தொடர்ந்தது. தில்லி தேசிய அருங்காட்சியகம் ஜன்பத் சாலையின் புதிய கட்டடத்துக்கு 1960இல் வந்தபோது, அதை நடத்த சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தை உருவாக்கிய கிரேஸ் மார்லியை நேரு காலத்து அரசு அழைத்தது. ஓர் அமெரிக்கப் பெண்மணியிடம் தேசிய அருங்காட்சியகத்தை ஒப்படைப்பதா என்ற தயக்கம் அன்று குறுக்கே நிற்கவில்லை. வந்தவர் தில்லியிலேயே தங்கிவிட்டார். 1985இல் இங்கேயே மறைந்தார். தொழிலறிவு ஒன்று உண்டு, அதைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்ற பணிவு ஓர் அரசுக்கு இருந்த காலம் அது.

அந்தப் பணிவு அகாதெமிகள் பக்கம் வரவே இல்லை. அவற்றின் செயல்பாட்டை ஆராய 1964இல் ஹோமி பாபா, 1970களின் தொடக்கத்தில் நீதிபதி ஜி.டி. கோஸ்லா, 1980களின் இறுதியில் பி.என். ஹக்ஸர், 2014இல் முன்னாள் கலாசாரத் துறைச் செயலர் அபிஜித் சென்குப்தா என அடுத்தடுத்துக் குழுக்கள் அமைந்தன. அறிக்கைகள் வந்தன. ஆனால் 2015 ஏப்ரலில் முறைகேட்டுப் புகார்களைக் காட்டி லலித் கலா அகாதெமியின் நிர்வாகத்தை மத்திய அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. தேசிய நாடகப் பள்ளி 2018 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் முழுநேர இயக்குநர் இன்றிப் பொறுப்பு இயக்குநர்களைக் கொண்டே ஓடியது. நாடாளுமன்ற நிலைக்குழு 2023இல் அகாதெமிகளைப் பற்றி அளித்த அறிக்கையில் அதிகம் பேசப்பட்ட பரிந்துரை எது தெரியுமா? விருது பெறுவோரிடம், பின்னாளில் அதைத் திருப்பித் தர மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும் என்பது. நிறுவனத்தை நடத்துவோருக்குத் தகுதி வேண்டுமா என்ற கேள்வி அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

இதன் விலை என்ன என்பதற்கு லலித் கலா அகாதெமியின் சர்வதேச ஓவியக் கண்காட்சியே சான்று. முல்க் ராஜ் ஆனந்த் தலைவராக இருந்தபோது 1968இல் தொடங்கிய அந்த மூவாண்டுக் கண்காட்சி, காலனியாதிக்கத்திலிருந்து விடுபட்ட நாடுகளின் ஓவியர்கள் தில்லியில் சந்திக்கும் இடமாக விளங்கியது. 2005இல் பதினொன்றாம் முறை நடந்தது. அத்துடன் நின்றது. அந்த வெற்றிடத்தை 2012 டிசம்பரில் நிரப்பியது தில்லி அல்ல, கேரளத்தின் கொச்சி. ஓவியர்களே முன்னின்று, மாநில அரசின் துணையுடன் தொடங்கிய கொச்சி - முசிரிஸ் இருபதாண்டு... இல்லை, ஈராண்டுக் கண்காட்சி உலக வரைபடத்தில் இடம்பெற்றது.

அங்கும் கலை வென்ற அளவுக்கு நிர்வாகம் வெல்லவில்லை. 2022 டிசம்பர் 12ஆம் தேதி திறக்கப்பட வேண்டிய கண்காட்சி, கடைசி நேரத்தில் 23ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. புயல் மழை உள்ளிட்ட இடையூறுகளை அமைப்பாளர்கள் காரணம் காட்டினர். பங்கேற்ற ஓவியர்கள் பலர் ஒன்றுகூடிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். படைப்புகள் வந்து சேர்வதில் தாமதம், மழைநீர் புகும் கூடங்கள், மின்வசதிக் குறைவு, போதிய பணியாளர் இல்லாமை என்று அவர்களது பட்டியல் நீண்டது. படைப்பின் தரம் பற்றிய குறை எதுவும் அதில் முதன்மையாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்குப் பெட்டி எப்போது சுங்கத்தை விட்டு வெளியே வரும், கூரையை எந்த மாதத்தில் சரிபார்ப்பது, தச்சருக்கு முன்பணம் யார் தருவது ஆகியவையே அங்கு எழுந்த கேள்விகள். ஓவியர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்று இந்தியாவில் கலை அமைப்புகளை நடத்துவோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறார்கள். வேறு துறையிலிருந்து சில ஆண்டுகளுக்கு மாற்றலாகி வரும் அதிகாரி, மூத்த கலைஞர், புரவலர் குடும்பம். மூன்றிலும் மாமனிதர்கள் உண்டு. சுமித்ரா சரத்ராம் இல்லையேல் பாரதிய கலா கேந்திரா இல்லை. நாடகப் பள்ளியை 1962 முதல் 15 ஆண்டுகள் நடத்திய இப்ராஹிம் அல்காஜி, ஒத்திகைக்கு நேரத்தில் வருவதையே ஒரு பாடமாக்கியவர். இந்திய ஆட்சிப் பணி அதிகாரியும் கவிஞருமான அசோக் வாஜ்பாய், ஓவியர் ஜே. சுவாமிநாதனுடன் சேர்ந்து போபாலில் 1982இல் எழுப்பிய பாரத் பவன், பழங்குடி ஓவியரையும் நவீன ஓவியரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது. ஆனால் இவர்கள் விலகிய பின் அந்த நிறுவனங்கள் பழைய உயரத்தை எட்டவில்லை என்பதும் உண்மை. ஆளுமையை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு இரண்டாம் தலைமுறை அமைவது அதிர்ஷ்டத்தைப் பொருத்ததாகிவிடுகிறது.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. வழக்குரைஞர்களும் தணிக்கையாளர்களும் மாலை நேரத்தில் ஊதியமின்றி நடத்திய சபாக்கள்தாம் சென்னையின் மார்கழி இசை விழாவை வளர்த்தன. அந்தத் தொண்டைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1993இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற கலாக்ஷேத்ராவில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து 2023இல் மாணவிகள் போராட நேர்ந்ததும், அதன் பின்னரே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைந்ததும் வேறொரு பாடத்தைச் சொல்கின்றன. பணியிடப் பாதுகாப்புச் சட்டம் என்ன கேட்கிறது, உள்புகார்க் குழு எப்படிச் சுதந்திரமாக இயங்க வேண்டும் என்பவை குருபக்தியால் தீர்மானிக்கப்படும் விஷயங்கள் அல்ல.

கலை மேலாண்மைப் படிப்பு என்றவுடன் கலைஞர்கள் முகம் சுளிப்பதுண்டு. கலையைப் பற்பசை விற்பது போல விற்கக் கற்றுத்தருவார்கள் என்ற அச்சம் அது. வணிக நிர்வாகப் பாடத்திட்டத்தை எடுத்து, பொருள் என்ற சொல்லை அடித்துவிட்டுக் கலை என்று எழுதினால் அந்த அச்சம் மெய்யாகும். மேலைநாட்டுப் பாடத்தை அப்படியே இறக்குமதி செய்தாலும் பயன் குறைவு. நியூயார்க்கில் ஒரு கலை நிர்வாகி, செல்வந்தர்களின் உயிலில் தம் அரங்கத்துக்கு இடம் தேடுவதை முக்கியப் பணியாகக் கொள்ளலாம். ராஜஸ்தானத்தின் பார்மேர் மாவட்டத்தில் மாங்கணியார் இசைக்குழுவுக்குத் துணை நிற்க வேண்டியவருக்கு, தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரித்த ஜஜ்மான் குடும்பங்களின் உறவு தெரிய வேண்டும். அந்த உறவை அறிந்துகொண்டே அவர்களின் இசையை உலகுக்குக் காட்டிய கோமல் கோத்தாரி எந்தப் பட்டமும் பெற்றுக்கொண்டு அதைச் செய்யவில்லைதான். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் மாவட்டந்தோறும் தாமாகப் பிறப்பார் என்று ஒரு நாடு காத்திருக்க இயலுமா?

இந்தியாவில் கலை நிர்வாகிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று பட்டியலிட்டால், அது இந்திய அரசியலின் பட்டியலாகவே இருக்கும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கலையும் பண்பாட்டு மரபும் அந்தப் பட்டியலில் உண்டு. பெரும்பங்கு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போய்விடுகிறது. கேட்கத் தெரிந்த கலைக்குழுக்கள் சிலவே. மறுபுறம், 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பணம் முதலில் தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும் என்றது. ஓர் அமைப்பு பெற்ற நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதையும் தடுத்தது. எது நிகழ்ச்சிச் செலவு, எது நிர்வாகச் செலவு என்று பிரித்தெழுதத் தெரியாத குழு உரிமத்தையே இழக்க நேரும். சரக்கு - சேவை வரியில், செவ்வியல் அல்லது நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்குப் பெறும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு விலக்கு உண்டு. எத்தனை கிராமியக் கலைஞர்களுக்கு இது தெரியும்?

தில்லியின் மேற்கே ஷாதிப்பூரில் இருந்த கட்புத்லி காலனியைப் போல இதை விளக்கும் இடம் வேறில்லை. ராஜஸ்தானத்துப் பொம்மலாட்டக்காரர்கள், மாயவித்தைக்காரர்கள், கழைக்கூத்தாடிகள் எனப் பல மாநிலக் கலைக் குடும்பங்கள் 1950கள் தொட்டு அங்கே குடியேறின. 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவையொட்டி வாஷிங்டனில் அமைந்த மேளாவில் இத்தகைய வீதிக் கலைஞர்கள் நாட்டின் சார்பில் நிகழ்ச்சி நடத்தினர். அதே கலைஞர் தில்லித் தெருவில் அதே வித்தையைக் காட்டினால் குற்றவாளி. தலைநகருக்கும் நீட்டிக்கப்பட்ட 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம், பாடுவதையும் ஆடுவதையும் வித்தை காட்டுவதையும் பிச்சை கேட்பதற்கான சாக்குகளின் வரிசையில் வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க 2018 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் காலனி போய்விட்டது. தில்லி வளர்ச்சி ஆணையம் தனியார் கட்டுமான நிறுவனத்துடன் இணைந்து மேற்கொண்ட மறுகட்டமைப்புத் திட்டத்துக்காக, 2017 அக்டோபர் இறுதியில் அது இடிக்கப்பட்டது.

பொம்மலாட்டக்காரருக்கு வீடு மட்டும் போதாது. ஆளுயரப் பொம்மைகளை வைக்கவும் கழியை நட்டுப் பழகவும் திறந்தவெளி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வரைபடத்தில் அதற்கு எங்கே இடம் என்று திட்டக் கூட்டத்தில் எழுந்து கேட்கவும், சட்டத்தைக் காட்டி வாதிடவும், மாற்று வரைபடத்தை மேசையில் வைக்கவும் பயின்றவர் ஒருவர் அந்தச் சமூகத்திலிருந்தே வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பேச்சாவது வேறாக இருந்திருக்கும்.

கலை மேலாண்மையை யார் படிப்பது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இப்போது அதைப் படிக்க விரும்பும் ஓர் இளைஞருக்கு முன்னுள்ள வழிகள் இரண்டு. ஒன்று, லண்டன் போன்ற நகரங்களுக்குச் செல்வது. அங்கு வெளிநாட்டு மாணவருக்கான ஆண்டுக் கட்டணமே இருபது லட்சம் ரூபாயைத் தாண்டும், உதவித்தொகை கிடைப்பது சிலருக்கே. மற்றொன்று, உள்நாட்டில் உயர் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்கள். இரண்டிலும் ஆங்கிலமே வாசல். இப்படிப் பயின்றவர்கள்தாம் நாளை எந்த நாடகம் விழாவுக்குப் போகும், எந்தக் குழுவுக்கு நல்கை கிடைக்கும், எந்தக் கூத்து ஆவணப்படுத்தத் தக்கது என்று முடிவு செய்வார்கள். தவறான எண்ணம் எதுவும் அவர்களுக்கு இருக்க வேண்டியதில்லை. தாம் அறிந்த மொழியில், தாம் பழகிய நகரத்தில் உள்ள கலைதான் முதலில் கண்ணில் படும். பறையும் தமாஷாவும் நௌடங்கியும் நிகழ்த்தும் சமூகங்களின் பிள்ளைகள் மேடையிலும், அவர்களை மேடையேற்றுவோர் வேறொரு வகுப்பிலுமாக இருக்கும் பழைய ஏற்பாடு, பட்டத்தின் பெயரால் இன்னும் இறுகிவிடும்.

ஆகவே இந்தப் படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்தில் அமைய வேண்டும். 1980களின் நடுவில் ஏற்படுத்தப்பட்ட ஏழு மண்டலக் கலாசார மையங்கள், தஞ்சாவூர் உட்பட, பயிற்சிக் களமாக ஏற்கெனவே இருக்கின்றன. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வகுப்பறையில் ஓராண்டு, களத்தில் ஓராண்டு என்று மாநில மொழிகளில் கற்பிக்கப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கலை நிகழ்த்தும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடமும் உதவித்தொகையும் ஒதுக்கலாம். நிதி இல்லை என்பார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,360 கோடி ரூபாய். மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்கு ஏழு காசுக்கும் குறைவு. அந்தச் சிறு தொகையும் வீணாகாமல் செலவிடத் தெரிந்தவர்களை உருவாக்க ஆகும் செலவு, அதில் எத்தனையோ சிறிய பின்னம்.

வேலை எங்கே என்ற கேள்விதான் உண்மையிலேயே கடினமானது. படித்து வெளிவருவோரை ஏற்க அகாதெமிகளின் பணி நியமன விதிகளில் இடமில்லையெனில், பட்டம் சுவரில் தொங்கும். செயலர், துணைச் செயலர், நிகழ்ச்சி அலுவலர், மண்டல மைய இயக்குநர் ஆகிய பதவிகளுக்கு இப்படிப்பும் கள அனுபவமும் தகுதியாகச் சேர்க்கப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. விதித் திருத்தமே போதும். அதில் தயக்கம் இருப்பதற்குக் காரணமும் ஊகிக்க இயலாததன்று. பதவிக்காலம் உறுதிசெய்யப்பட்ட, தன் தொழிலை அறிந்த நிர்வாகி, அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தால் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அடுத்த மாற்றலும் நினைவில் இருக்கும். இந்த வேறுபாட்டை ஆட்சியில் இருந்த எல்லாக் கட்சிகளுமே அறிந்திருந்தன.

இதற்கிடையே ரைசினா குன்றின் வடக்கு, தெற்கு பிளாக் கட்டடங்களில் உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகங்களுள் ஒன்றாக 'யுகே யுகீன் பாரத்' அமையும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான ஆலோசனைக்கு பிரான்ஸ் நாட்டு நிறுவனத்துடன் 2024 டிசம்பரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. கிரேஸ் மார்லி வந்ததைப் போலவே வெளியாரின் அறிவைப் பெறுவதில் குற்றமில்லை. மார்லி இங்கே தங்கி இந்தியர்களைப் பயிற்றுவித்தார். இப்போதைய ஒப்பந்தக் காலம் முடிந்து ஆலோசகர்கள் பாரிஸ் திரும்பும் நாளில், அந்த நெடிய கூடங்களின் சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் இந்நேரம் ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டும். அந்த வகுப்பறை எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று கலாசார அமைச்சகத்திடம் நாடாளுமன்ற உறுப்பினர் எவரேனும் அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் கேட்கலாம்.